6. மைனஸ் முதலில், மைனஸ் கடைசியில்

இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் குடும்பத்தின் காரில் முதலில் படுத்துவிடுவது பெரும்பாலும் பேட்டரிதான். சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. 'டக் டக் டக்' என்று சத்தம் மட்டும் வரும், டேஷ்போர்டு விளக்குகள் மங்கி மங்கி எரியும். "எதையாவது ஆஃப் பண்ண மறந்துட்டீங்களா?" என்று எல்லோரும் கேட்பார்கள். மறந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்றைய கார் நிறுத்தி வைத்திருக்கும்போதும் முழுதாகத் தூங்குவதில்லை. ரிமோட் லாக், அலாரம், கடிகாரம், கணினிப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 40 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்குச் சுமார் 1 ஆம்பியர்-மணி. சிறிய பெட்ரோல் காரில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. நீங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்றே அது முக்கால்வாசிதான் நிரம்பியிருந்தது என்றால், மூன்று வாரத்தில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கடையில் தனியாகப் பொருத்திய ஜி.பி.எஸ். கருவியோ டேஷ் கேமராவோ இருந்தால் அதுகூட மிஞ்சாது.

இறங்கிய பேட்டரியை நாள்கணக்கில் அப்படியே விட்டால், உள்ளே தகடுகளின் மேல் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாக இறுகிவிடும். அப்படி இறுகியதைச் சாதாரணச் சார்ஜரால் மீட்பது கடினம். ஆகவே இறங்கியது தெரிந்த அன்றே, முடியாவிட்டால் மறுநாளாவது, சார்ஜ் ஏற்றிவிட வேண்டும். இதை வீட்டிலேயே செய்யலாம். ஒன்றை மட்டும் முதலில் புரிந்துகொண்டால், இந்த அத்தியாயத்தில் வரும் விதிகளில் பாதியை நான் சொல்வதற்கு முன்பே நீங்கள் ஊகித்துவிடுவீர்கள்.

பொறியும் வாயுவும்

கார் பேட்டரியின் அடிப்படை 1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாந்தே செய்துகாட்டியதுதான். ஈயத் தகடுகள், அவற்றைச் சுற்றி நீர்த்த கந்தக அமிலம். ஒரு செல் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறு செல்களை வரிசையாக இணைத்தால் 12.6 வோல்ட். சார்ஜ் ஏறும்போது, முக்கியமாக முக்கால்வாசிக்கு மேல் ஏறிய பிறகு, மின்சாரத்தின் ஒரு பகுதி அமிலத்திலுள்ள தண்ணீரைப் பிரிக்கத் தொடங்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழ் குமிழாக மேலே வரும். 14.4 வோல்ட்டைத் தாண்டினால் இது வேகம் பிடிக்கும்.

காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். பற்றவைக்கத் தீக்குச்சி தேவையில்லை. ஸ்பேனர் உரசினால் எழும் பொறி போதும், கிளிப்பை மாட்டும்போது தெறிக்கும் சின்னப் பொறி போதும். நைலான் துணியால் பேட்டரியை வறட்டு வறட்டென்று துடைத்தால் உண்டாகும் நிலைமின்சாரமும் போதும் (துடைப்பதானால் ஈரத்துணியால் துடையுங்கள்). வெடிப்பது வாயுதான் என்றாலும் முகத்தில் வந்து விழுவது பிளாஸ்டிக் சில்லும் ஆசிட்டும்.

சார்ஜரை நிறுத்தியவுடன் இந்த வாயு மறைந்துவிடாது. மூடிகளுக்கு அடியிலும் பேட்டரியைச் சுற்றியும் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். நல்ல காற்றோட்டத்தில், சரியான சார்ஜரில், சார்ஜ் ஏறும் மணிக்கணக்கான நேரத்தில் பேட்டரி பொதுவாகச் சாதுவாகவே இருக்கும். எதையாவது மாட்டும் நொடியும் கழற்றும் நொடியும்தான் பொல்லாதவை. எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது என்ற வரிசையெல்லாம், அந்த நொடியில் பேட்டரிக்குப் பக்கத்தில் பொறி எழாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான்.

இன்னொரு ஆபத்து ஷார்ட் சர்க்யூட். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் பலர் இதை அலட்சியம் செய்கிறார்கள். ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் செல்ஃப் மோட்டாரைச் சுற்றவைக்க நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டும் பொருள் அது. இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஓர் இரும்புத் துண்டு விழுந்தால் பல நூறு ஆம்பியர் பாயும். விழுந்த இரும்பு நொடியில் பழுக்கும். அந்த உலோகம் உங்கள் மோதிரமாக இருந்தால் விரலைச் சுற்றி வெந்துவிடும். எனவே மோதிரம், காப்பு, வளையல், ஸ்டீல் பட்டை வாட்ச், குனிந்தால் தொங்கும் செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பானெட்டைத் திறக்க வேண்டும். மோதிரத்தைக் கழற்ற மனமில்லாதவர் இந்த வேலையை வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடலாம்.

எங்கே வைத்து ஏற்றுவது

திறந்த போர்ட்டிகோவும் அடுக்ககத்தின் தரைத்தள பார்க்கிங்கும் நல்ல இடங்கள். படுக்கையறை, ஸ்டோர் ரூம், கதவடைத்த ஏ.சி. அறை கூடாது. ஹைட்ரஜன் காற்றைவிட மிக இலேசானது, மேலே போய்க் கூரைக்கடியில் தங்கும். அதனால் கீழே ஜன்னல் திறந்திருந்தால் மட்டும் போதாது, மேலேயும் காற்று வெளியேற வழி வேண்டும். கேஸ் அடுப்பு எரியும் சமையலறையும் விளக்கு எரியும் பூஜை அறையும் ஆகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பலரும் மறப்பது கொசுவர்த்திச் சுருளை. சாயங்காலம் போர்ட்டிகோவில் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே சுருளை ஏற்றி வைத்துக்கொண்டு உட்காருவது நம் வீடுகளில் வெகு சாதாரணமாக நடக்கும்.

தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மரப்பெட்டியிலும் கெட்டி ரப்பரிலும் பேட்டரி வந்த காலத்தில் அதற்கு ஏதோ காரணம் இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் தாராளமாக வைக்கலாம். மார்பிளிலும் கிரானைட்டிலும் மட்டும் வைக்காதீர்கள். சார்ஜ் இறங்காது, ஆனால் ஒரு துளி ஆசிட் சிந்தினால் மார்பிள் பொரிந்துவிடும். அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டு இருக்கட்டும்.

பேட்டரியைக் காரிலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டுமா? இன்றைய ஆட்டோமேட்டிக் சார்ஜர் என்றால் பெரும்பாலும் வேண்டியதில்லை. காரின் கையேடு அனுமதித்தால் பானெட்டைத் திறந்து வைத்தபடி காரிலேயே ஏற்றலாம். கையேட்டில் இன்னொன்றையும் பாருங்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள பல கார்களில் மைனஸ் டெர்மினலை ஒட்டிச் சின்ன சென்சார் ஒன்று இருக்கும். அந்தக் கார்களில் சார்ஜரின் கறுப்புக் கிளிப்பைப் பேட்டரி முனையில் மாட்டாமல், கையேடு காட்டும் பாடி எர்த் போல்ட்டில் மாட்ட வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் என்றால் பேட்டரியை வண்டியிலிருந்து துண்டித்த பிறகே ஏற்றுங்கள். அதன் வோல்ட் எகிறினால் காரின் கணினி தாங்காது.

கழற்றுவது

சாவியை எடுத்து உங்கள் பாக்கெட்டில் போடுங்கள். காருக்குள் வைக்காதீர்கள். மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது சில கார்கள் தாமாகவே லாக் ஆகும்.

பிளஸ், மைனஸ் எது என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் பேட்டரியின் மேல் அச்சிட்ட குறியைப் பாருங்கள். கைமாறிய வண்டிகளில் கறுப்பு ஒயரே இரண்டு பக்கமும் போட்டிருப்பார்கள். பிளஸ் முனை மைனஸைவிடக் கொஞ்சம் தடிமனாக இருப்பதும் ஓர் அடையாளம்.

முதலில் மைனஸ். பெரும்பாலான கார்களில் 10 எண் ஸ்பேனர் போதும். காரணம் இதுதான்: காரின் உடம்பு முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. பிளஸை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் எங்கே பட்டாலும் ஷார்ட். மைனஸை முதலில் கழற்றிவிட்டால் காரின் உடம்புக்கும் பேட்டரிக்கும் தொடர்பு அறுந்துவிடும். பிறகு பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் இடித்தாலும் ஒன்றும் ஆகாது. திரும்ப மாட்டும்போது இதே தர்க்கம் தலைகீழாகும். பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கழற்றிய மைனஸ் ஒயரைத் துணி சுற்றி ஓரமாகத் தள்ளி வைக்க மறக்காதீர்கள், அது தானாக வளைந்து பழைய இடத்துக்கே வந்து உட்காரப் பார்க்கும். பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்பைக் கழற்றி, நேராக, சாய்க்காமல் தூக்குங்கள். சிறிய கார் பேட்டரியே 10 கிலோவை ஒட்டி இருக்கும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருந்தால் இப்போதே சுத்தம் செய்துவிடலாம். கொதிநீரை மட்டும் ஊற்றினால் பூத்தது கரையும், ஆசிட் அப்படியே ஓடிப் பக்கத்து இரும்பைத் தின்னும். ஆப்ப சோடா ஒரு ஸ்பூனை ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கலந்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்து அடங்கும். சோடா நீர் மூடித் துளைக்குள் இறங்கக் கூடாது, இறங்கினால் உள்ளிருக்கும் அமிலத்தையே கெடுக்கும். காய்ந்த பிறகு, ஒயரைத் திரும்ப மாட்டும்போது அதன் கிளாம்பை இறுக்கி முடித்து, மேலே வாஸலினை மெல்லியதாகத் தடவுங்கள்.

தண்ணீர்

மூடி திறக்கும் வகைப் பேட்டரியானால் உள்ளே பாருங்கள். மொபைல் டார்ச்சில் பார்க்கலாம், தீக்குச்சி கிழித்துப் பார்க்காதீர்கள். தகடுகள் தண்ணீருக்கு மேலே தெரிந்தால், அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள். மேல் கோடு வரை நிரப்புவது சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான். ஏறும்போது அமில மட்டம் உயரும். முன்கூட்டியே நிரப்பினால் வழிந்து, சுற்றியுள்ளதையெல்லாம் அரிக்கும்.

ஆர்.ஓ. நீர், கேன் வாட்டர், மழைநீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் எதுவும் வேண்டாம். ஏ.சி. நீர் ஆவி குளிர்ந்து வந்தது என்பதால் சுத்தம் என்று நினைப்பார்கள். காயிலின் உலோகத்தையும் அறையின் தூசியையும் கழுவிக்கொண்டு வருவது அது. பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் டிஸ்டில்ட் வாட்டர் மலிவாகக் கிடைக்கும்போது ஏன் இந்தச் சிக்கனம்? ஆசிட் வாங்கி ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. மேலும் ஆசிட் ஊற்றினால் தகடுதான் அரிபடும்.

'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று மூடியே இல்லாமல் வருவதை நெம்பித் திறக்காதீர்கள். அதன் மேல் பச்சையாகத் தெரியும் கண்ணாடிக் கண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். அது ஆறு செல்லில் ஒரு செல்லின் நிலையைத்தான் சொல்கிறது.

சார்ஜ் ஏற்றுவது

வீட்டுக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வைப்பது சார்ஜர் வாங்குவதைவிட முக்கியம் என்பேன். ஓடி நின்ற காரில் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் முழுச் சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் என்று தோராயமாகக் கொள்ளலாம். முழுதாகச் சார்ஜ் செய்து, ஓய்வு கொடுத்த பிறகும் 10.5-லேயே நிற்கிறது என்றால் ஒரு செல் போய்விட்டது. அதற்கு வைத்தியம் இல்லை.

எத்தனை ஆம்பியரில் ஏற்றுவது? ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கு இன்றும் நல்ல கணக்கே. 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 3.5 ஆம்பியர். பாதி இறங்கியிருந்தால் 17.5 ஆம்பியர்-மணி குறை. ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 20 ஆம்பியர்-மணிக்கு மேல் கொடுக்க வேண்டும். கணக்குப்படி ஆறு மணி நேரம். கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும் என்பதால் எட்டு முதல் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு ஆம்பியரைக் கூட்டினால் பேட்டரி சூடேறுமே தவிர சீக்கிரம் நிறையாது. டூ-வீலர் பேட்டரி 4, 5 ஆம்பியர் மணிதான் இருக்கும். அதைக் கார் சார்ஜரின் 4 ஆம்பியரில் போட்டால் கொதித்துவிடும்.

இங்கே ஒரு பொது வழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரின் ஒயர்களைக் கழற்றிக் கார் பேட்டரியில் மாட்டி ஏற்றுகிறார்கள். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரிக்காகச் செய்த இன்வெர்ட்டர் 10 ஆம்பியருக்கு மேலும் தள்ளும், அதன் வோல்ட் கணக்கும் வேறு. அதோடு, இடையில் கரண்ட் போனால் வீட்டு ஃபேனும் லைட்டும் அந்தச் சின்னக் கார் பேட்டரியிலிருந்தே ஓடத் தொடங்கும். செய்யாதீர்கள்.

சார்ஜர் வாங்கினால் தானாக நிறுத்திக்கொள்ளும் வகையையே வாங்குங்கள். 14.4 வோல்ட் வரை ஏற்றி, பிறகு 13.5 அளவுக்கு இறங்கிப் பராமரிப்பு நிலைக்குப் போகும். ஸ்டார்ட்-ஸ்டாப் காரின் ஏ.ஜி.எம். பேட்டரிக்கு அதற்குரிய மோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். லித்தியம் பேட்டரியை ஈய பேட்டரி மோடில் போடக் கூடாது.

மாட்டும் வரிசை: சுவர் சுவிட்ச் ஆஃப். சிவப்புக் கிளிப் பிளஸில். கறுப்புக் கிளிப் மைனஸில், காருக்குள்ளேயே ஏற்றுவதானால் பேட்டரியிலிருந்து தள்ளி எஞ்சின் இரும்பில் அல்லது எர்த் போல்ட்டில். கிளிப்பை ஆட்டிப் பார்த்து, இறுக்கமாக இருப்பது தெரிந்த பிறகே சுவிட்ச் ஆன். முடிந்ததும் முதலில் சுவிட்ச் ஆஃப், சில நிமிடம் பொறுத்து, கறுப்பு, அதன் பிறகு சிவப்பு. ஏதோ அவசரத்தில் சார்ஜ் ஓடும்போதே கிளிப்பைப் பிடுங்கினால் பேட்டரி முனையிலேயே பொறி எழும். அந்த நேரத்தில்தான் அங்கே வாயு அதிகம்.

சார்ஜரைப் பேட்டரியின் மேல் வைக்காதீர்கள். ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு குறிப்பு. 14.4 வோல்ட் என்பது 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. சித்திரை வெயிலில் போர்ட்டிகோ 38, 40 டிகிரியில் தகிக்கும்போது பேட்டரிக்குத் தேவைப்படுவது சுமார் 0.3 வோல்ட் குறைவு. வெப்பத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளாத சார்ஜர் அதே 14.4-ஐத் தள்ளும், வாயு அதிகமாகக் கிளம்பும், தண்ணீர் வற்றும். கோடையில் பேட்டரி சூடு ஆறிய பின் மாலையில் தொடங்கி, எல்லோரும் விழித்திருக்கும் நேரத்திலேயே பெரும்பகுதியை முடித்துவிடுவது நல்லது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் பார்க்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தானாக நிறுத்தும் வசதி இல்லாத சார்ஜர் என்றால் கூடவே கூடாது.

இடையிடையே எட்டிப் பாருங்கள். பேட்டரியின் பக்கவாட்டில் கை வைக்க முடியாத சூடு, வீங்கிய பெட்டி, அழுகிய முட்டை நாற்றம் இவற்றில் எது தென்பட்டாலும் உடனே சுவரில் சுவிட்சை அணையுங்கள். கிளிப்பைத் தொட வேண்டாம். ஆறும்வரை பக்கத்தில் போகாதீர்கள். அந்தப் பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் போடவும் கூடாது.

இன்னொரு காரிலிருந்து ஸ்டார்ட் செய்வது

இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சிவப்பு ஒயர் இறந்த பேட்டரியின் பிளஸில், அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸில். கறுப்பு ஒயர் நல்ல பேட்டரியின் மைனஸில். நான்காவது முனையை இறந்த பேட்டரியின் மைனஸில் மாட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அந்தக் கடைசி இணைப்பில் பொறி எழும். அதைப் பேட்டரியிலிருந்து தள்ளி, பெயிண்ட் இல்லாத எஞ்சின் இரும்பில் மாட்டினால், பொறி எழுந்தாலும் வாயு இல்லாத இடத்தில் எழும். கழற்றுவது இதற்கு நேர் எதிர் வரிசை. அமிலம் வற்றிய பேட்டரிக்கோ வெடிப்பு விட்ட பேட்டரிக்கோ இதைச் செய்யாதீர்கள்.

ஸ்டார்ட் ஆனதும், பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டால் நிரம்பிவிடும் என்று எண்ண வேண்டாம். ஓடும் எஞ்சினில் டெர்மினலில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்நேட்டர் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஆனால் அடிவரை இறங்கிய பேட்டரியை நிரப்புவது ஆல்டர்நேட்டரின் வேலை இல்லை. வீட்டுக்கு ஓட்டி வந்து சார்ஜரில் போடுங்கள்.

மின்சாரக் காரிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. அதற்கு இந்த வரிசை பொருந்தும் என்றாலும் கையேட்டைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடவே கூடாது. அதில் பாய்வது உயிரைக் குடிக்கும் வோல்ட்.

ஆசிட் பட்டால்

கண்ணுக்கு மூக்குக் கண்ணாடி போதாது, பக்கமும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். கைக்கு ரப்பர் கையுறை. பக்கத்திலேயே ஒரு வாளி தண்ணீர், ஒரு மக்.

தோலில் பட்டால் உடனே ஓடும் நீரில் கழுவுங்கள், நனைந்த துணியைக் கழற்றிவிட்டு. கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 20 நிமிடம் குழாய் நீரை ஓடவிடுங்கள், பிறகு தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். ஆப்ப சோடாவைக் கண்ணில் போடவே கூடாது, டெர்மினலுக்கும் தரைக்கும் மட்டும்தான் அது. தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது போன்ற கைவைத்தியத்தில் இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் பார்வையிலிருந்து போகிறது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். டெர்மினலில் தேய்த்த தூசியில் ஈயம் இருக்கும், குழந்தைகளுக்கு அது மிகக் கெடுதல்.

பழைய பேட்டரி

வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையினர் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. நம் ஊரில் மூன்று, நான்கு வருடம் உழைத்த பேட்டரி திரும்பத் திரும்பப் படுத்தால் அதனோடு மல்லுக்கட்டாமல் மாற்றிவிடுங்கள். பழையதைக் கொல்லைப்புறத்தில் போட்டு வைக்காதீர்கள், தெருவில் வருகிற பழைய இரும்புக்காரரிடமும் போடாதீர்கள். அங்கிருந்து அது ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டி, ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரலாம். மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதற்குக் கழித்த தொகையைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.